தேவதாரு நிழலுக்கு அழைத்தவன்

மூன்றாவது வாரமும் கம்பளி வியாபாரி லஹ்செனின் லாரி சுனைக்கு எதிர்ப்புறம் வந்து நின்றபோது, துதா ஒரு ஆட்டின் குளம்பில் ஏறியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். முள்ளை அப்படியே விட்டுவிட்டுத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். உடனே தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அட்லஸ் மலையின் கோடை மேய்ச்சலில் ஓர் ஆண் ஈரடி பாடினால் பெண்ணும் ஈரடியால்தான் பதில் சொல்வாள். அதில் துதாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மணவிலக்காகி அப்பாவின் கூடாரத்துக்குத் திரும்பிய இந்த நான்கு வருடங்களில் யாரும் அவளைப் பாடி அழைத்ததில்லை. இருபத்தாறு வயதில் தன் காலம் முடிந்துவிட்டதென்றே நினைத்திருந்தாள். லஹ்சென்தான் அந்த மௌனத்தை உடைத்தான்.

"சுனையோரப் பெண்ணே, நெஞ்செல்லாம் வறட்சி;
தேவதாரு நிழலுக்கு வா, தாகம் தீரட்டும்."

குரல் தேனாக வழிந்தது. முதல் இரண்டு வாரமும் அவனைக் கேலி செய்து பாடி அனுப்பியவள், இன்று, "வெயில் சாயட்டும், பார்ப்போம்" என்று பாடிவிட்டாள். அவன் சிரித்தபடி கம்பளி வாங்க மேலே போனான்.

மதியம் அவள் தோழி ஹத்தா கம்பளி அலச வந்தாள். கல்லில் அடித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். தேவதாரு நிழல், தாகம்.

"ஏண்டி, இதை எங்க கேட்ட?" என்றாள் துதா.

"மலைக்கு அந்தப் பக்கம். என் அத்தை பொண்ணு ஒரு மாசமா இதையேதான் பாடிட்டுத் திரியுறா. கம்பளிக்காரன் அவளுக்குன்னே கட்டினதாம். 'ஆத்தோரப் பெண்ணே'ன்னு ஆரம்பிக்கும். பாவம், அவன் வர்றதை நிறுத்திட்டான், இவ பாடறதை இன்னும் நிறுத்தல."

லஹ்சென் பாடியதையெல்லாம் துதா ஒவ்வொன்றாக மனதில் புரட்டினாள். எல்லாவற்றிலும் 'வா' இருந்தது. 'வருகிறேன்' என்று ஓர் இடத்தில்கூட இல்லை. அவளைப் பற்றியும் எதுவும் இல்லை. எந்தச் சுனையில் எவள் நின்றாலும் பொருந்துகிற பாட்டு. பாட்டு கட்டத் தெரிந்த தனக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? பட்டிருக்கும், பார்க்க விரும்பவில்லை என்று தோன்றியதும் முகம் சுட்டது.

வெயில் சாயத் தொடங்கியபோது லாரி திரும்பி வந்தது. அவன் பாட வாயெடுப்பதற்குள், சரிவுகளில் மேய்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி துதா பாடினாள்:

"ஆற்றோரம் குடித்தவனே, சுனையோரமும் தாகமோ?
என் அப்பன் கூடாரத்துக்கு வாசல் உண்டு, தெரியாதோ?"

மேலேயிருந்து சீழ்க்கையும் சிரிப்பும் கிளம்பின. லஹ்சென் ஒரு கணம் திகைத்து, பிறகு தோளைக் குலுக்கினான்.

"வெறும் பாட்டுதானே பொண்ணே, இதுக்குப் போய் கோவப்படலாமா?"

"பாட்டுங்கறதாலதான் கோவம். போய்ட்டு வாங்க."

லாரி புழுதி கிளப்பி இறங்கியது. ஹத்தா கைதட்டினாள். துதாவுக்குத்தான் அழுகை முட்டியது. பொய்யாக இருந்தாலும் அது ஒரு குரல். இனி அதுவும் இல்லை.

அப்போது பக்கத்துச் சரிவிலிருந்து ஒரு கரகரப்பான குரல் எழுந்தது. பாஸ்ஸு. கல்யாண ஆட்டத்தில் பறையைத் தட்டிக்கொண்டு வாயை மட்டும் அசைப்பவன். அவன் பாடி யாரும் கேட்டதில்லை.

"உன் நொண்டிச் செம்மறி நேற்று என் மந்தையில் நின்றது, கொண்டுவந்து விட்டேன்;
நாளைப் பகலில் என் அம்மாவும் நானும் சர்க்கரைக் கூம்போடு உன் வாசலுக்கு வருகிறோம்."

சர்க்கரைக் கூம்போடு வருவதென்றால் பெண் கேட்க வருவது. ஹத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, பாட்டா இது? சந்தைக்குப் போற சேதி மாதிரி இருக்கு!"

துதா சிரிக்கவில்லை. காலையில் அந்த ஆடு பட்டிக்குள் நின்றதைப் பார்த்தபோது, யார் கொண்டுவந்தது என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. மெல்ல எழுந்து சரிவின் விளிம்புவரை போனாள். பாஸ்ஸு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கப்போகிறவனைப்போல நின்றிருந்தான்.

"ரெண்டு அடியும் நீளம். தாளத்துல நிக்கல," என்றாள்.

"தெரியும்." அவன் தரையைப் பார்த்தான். "எதைக் குறைக்கறதுன்னு தெரியல. எல்லாமே நிஜம்."

அவளுக்குப் பதில் ஈரடி வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக.

"பாட்டுல ஆட்டை விட்டுடு. அம்மாவை வச்சுக்கோ," என்றாள் கடைசியில். "மத்ததை நீயே பாரு."

அவன் தலையாட்டிவிட்டு மேட்டில் ஏறினான். மந்தை அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒரு கையை நெஞ்சருகே வைத்து, உதடுகள் அசைய, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அசை எண்ணிக்கொண்டே நடந்தான். பாதி வழியில் நின்றான், எல்லா விரல்களையும் விரித்தான், மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.