பெனினா பிரித்த பியானோ

சனிக்கிழமை மத்தியானம், சவாயீ தீவின் அந்தச் சின்னத் தேவாலயத்தில் பாடகர் குழு மொத்தமும் கூடி நிற்க, மின்பியானோவின் நடுக்கட்டைகள் பன்னிரண்டும் மக்கர் பண்ணின. சில ஊமை. சில, மெதுவாகத் தொட்டாலே அலறின. மறுநாள் பக்கத்து ஊர்க் குழுவோடு பாட்டுப் போட்டி. "அவங்ககிட்டயே இரவல் கேட்டா என்ன?" என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட, அத்தனை பேரும் அவரைக் கண்ணாலேயே எரித்தார்கள்.

பின்வரிசையில் பாடுகிற பெனினா கையைத் தூக்கினாள். ஊரில் செல்போன் பழுதுபார்ப்பவள். "நான் பிரிச்சுப் பாக்கறேன்."

"போன் நோண்டுற கடைக்காரிக்கு இதப் பத்தி என்ன தெரியும்?" என்றார் குழுத்தலைவர் தவீட்டா. இருபது வருஷமாக வாசிப்பவர் அவர்தான். வேறு யாரையும் கிட்டே அண்டவிட்டதில்லை. "எல்லாம் கடல்காத்து பண்ற வேலை. தலைநகர் அபியாவுலேருந்து ஆள் வரணும்."

"ஆள் வர திங்கக்கிழமை ஆயிடும்யா. அதுவரைக்கும் போட்டி காத்திருக்குமா?"

பியானோவிலேயே பதிந்திருந்த மாதிரிப் பாட்டை பெனினா ஓடவிட்டாள். கணீரென்று ஒலித்தது.

"ஸ்பீக்கரும் மெயின் போர்டும் நல்லாருக்கு. கோளாறு கட்டைக்கு அடியிலதான்."

கவிழ்த்து, திருகாணிகளைத் தட்டில் வரிசையாக வைத்து, கட்டைகளைக் கழற்றினாள். அடியிலிருந்த ரப்பர் பட்டையை உரித்ததும் குப்பென்று மணம் வந்தது. பூப்போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்! ஞாயிறுதோறும் அதைக் கையிலும் கழுத்திலும் மினுமினுக்கப் பூசிக்கொண்டு வாசிக்க உட்காருகிறவர் யாரென்று ஊருக்கே தெரியும். முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தவீட்டா கூரையை ஆராய்ந்தார்.

பெனினா நினைத்திருந்தால் அங்கேயே அவர் மானத்தை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ரப்பரில், கட்டையை அமுக்கினால் கீழே போய்த் தொடுகிற கறுப்புப் பொட்டுகளையும் அவை தொடும் சின்ன போர்டையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, காயவிட்டு மூடினாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல கையக் கழுவுங்கய்யா."

முனகிக்கொண்டே முழங்கை வரை கழுவினார். உட்கார்ந்து தொட்டார். பன்னிரண்டும் பேசின, மெதுவாகத் தொட்டால் மெதுவாகவே.

மறுநாள் பாடி முடித்ததும் பக்கத்து ஊர்த் தலைவர் வந்தார். "பியானோ படுத்துருச்சுன்னு கேள்விப்பட்டோமே? அபியா ஆளா வந்து சரிபண்ணான்?"

"அபியா ஆளு எதுக்கு?" தவீட்டா பின்வரிசையைக் கைகாட்டினார். "எங்க பெனினா இருக்கா!"

அவர் வாயிலிருந்து 'கடைக்காரி' என்பதைத் தவிர தன் பெயரைக் கேட்டே இராத பெனினா, பெருமையோடு நிமிர்ந்து நின்றாள்.

தவீட்டா விடவில்லை. "உங்க பியானோவையும் அவகிட்டக் கொண்டாங்க. ஆனா, வாசிக்கறவர் கையக் கழுவிட்டு வரணும். ரொம்பக் கறாரான பொண்ணு."