பெர்ரோவின் பாதி ரொட்டி

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. எனக்கு உயிரான ஒரு மாயாஜால நாவலைப் பதினோராவது முறை படித்ததில் கிடைத்தது. நாவலை எழுதியவர் வேறொருவர். பதினோரு முறை படித்த சாதனை மட்டும் என்னுடையது.

அதில் பெர்ரோ என்றொரு கேடயக்காரன். ஒவ்வொரு விருந்திலும் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை உடுப்புக்குள் ஒளித்துக்கொள்வான். பத்து முறையும் 'தின்னிப்பண்டாரம்' என்று சிரித்துக் கடந்தேன். இந்தக் குளிர்காலத்தில்தான் கவனித்தேன்: விருந்து முடிந்து அவன் போகிற வழியில் எப்போதும் நிலவறைப் படிக்கட்டு வருகிறது. கீழே எதிரிநாட்டுக் கைதி ஒருவன் கிடக்கிறான். ஆசிரியர் இதை எங்கேயும் விளக்கவில்லை. பத்து முறையும் இது என் கண்ணில் படவில்லை; நான் மூன்று நாவல் எழுதியவன் வேறு.

2

முதல் தொடக்கம்: "ரிவர்ட்டன் கடற்கரையில் காற்று—" (வேண்டாம். இங்கே காற்று அடிக்காத நாள்தான் செய்தி.)

இரண்டாவது: "எனக்கு ஓர் அக்கா இருந்தாள்." (இருக்கிறாள். பேசுவதில்லை, அவ்வளவுதான்.)

3

அக்கா லோர்னா பால் லாரி ஓட்டுகிறாள். எங்கள் பக்கம் எந்த விசேஷத்துக்கும் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். முடிந்ததும் காலித் தட்டை எடுத்துவருவதுதான் மரியாதை. ஒரு வருடம் முழுக்க லோர்னா மட்டும் மிஞ்சிய சீஸ் ரோலையும் ஆட்டுக்கறியையும் தட்டில் நிரப்பி, அலுமினியத் தாள் சுற்றிக் கொண்டுபோனாள். அவளை அப்படியே என் மூன்றாவது நாவலில் தீனிக்காரியாக வைத்தேன். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததாக மூன்று பேர் கடிதம் எழுதினார்கள். அவளும் படித்தாள். நான்கு வருடமாகப் பேச்சில்லை.

(ஆமாம், உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பதினோரு வாசிப்பு தேவைப்பட்டது.)

4

முடிவு அ: லோர்னா யாரோ ஓர் ஏழைக் கிழவருக்கு ரகசியமாகச் சோறு போட்டாள். தம்பி அழுகிறான். (எழுதிப் பார்த்தேன். அழுகை நன்றாகவே வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தும் இருந்தது.)

முடிவு ஆ எழுதுவதற்கு முன், நேற்று மத்தியானம் அவளுக்கே ஃபோன் செய்தேன். பெர்ரோவைப் பற்றியும் கைதியைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, அந்தத் தட்டெல்லாம் யாருக்குப் போனது என்று கேட்டேன்.

"எனக்குத்தான்டா."

அவள் லாரியை நிறுத்தியிருந்த இடத்தில் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"கெவின் என்னை விட்டுட்டுப் போன வருஷம். அப்ப இந்த வேலை கிடைக்கலை. வீட்ல வேற சாப்பாடு இல்லை. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அப்ப தீனிக்காரின்னு எழுதினே. இப்ப புண்ணியவதின்னு எழுத வந்திருக்கே. அக்காவுக்குப் பசின்னு எழுத உனக்கு வரவே வராதா, நெவில்?"

5

என் பதிலை மூன்று விதமாக எழுதினேன். முதலாவதில் மன்னிப்பு ரொம்ப அழகாக இருந்தது, அடித்துவிட்டேன். இரண்டாவதில் பசியைப் பற்றி நான் அவளுக்கே விளக்கிக்கொண்டிருந்தேன், கிழித்துப்போட்டேன். மூன்றாவது, "அக்கா, நான்—" என்பதோடு நிற்கிறது.

உண்மையில் நான் சொன்னதும் அவ்வளவுதான். அவள் ஃபோனை வைக்கவில்லை, காத்திருந்தாள். மீதி வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். தயவுசெய்து நன்றாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.