ஒரு சாண் குறையுது

கான்கிரீட் லாரியின் சாவியைப் பிடுங்கிக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள் சர்வேயர். லாரி முதுகில் சுற்றிக்கொண்டிருந்த டிரம் ஒரு முனகலோடு நின்றது.

"அம்மா தாயே, சாவியைக் குடுங்க!" டிரைவர் குதித்து இறங்கினார். "டிரம் சுத்தலைன்னா உள்ள இருக்கிறது பூரா பாறையாயிடும். அப்புறம் நான் உளி வெச்சு செதுக்கிட்டு உட்காரணும்!"

"செதுக்குங்க. உங்க இன்ஜினியர் மூஞ்சி மாதிரி ஒரு சிலை வந்தா இந்தத் தெருவுலயே நட்டு வைப்போம். போறவங்க வர்றவங்க செருப்பைக் கழட்ட வசதியா இருக்கும். அவனைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பாதி எழும்பிய கடல் தடுப்புச் சுவரின் சாரத்திலிருந்து ஹெல்மெட்டைப் பிடித்தபடி ஓடி வந்தான் இன்ஜினியர். அவளுடைய சொந்தத் தம்பி.

"அக்கா! வீட்டுல மாமாவை மிரட்டுற மாதிரி சைட்டுக்கு வந்து மிரட்டாதே."

"உங்க மாமாவை மிரட்டி எந்தக் காலத்துலடா காரியம் நடந்திருக்கு? சுவரோட உயரம் தப்பு. நிறுத்து வேலையை."

அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றாள் டெய்லரின் மனைவி. கையில் தன்னைவிட உயரமான அளவுகோல். போன மாதம் பௌர்ணமியன்று, பட்டப்பகலில், சாக்கடை வழியாகக் கடல் தெருவுக்குள் ஏறியது. கடைக்குள் தண்ணீர் புகுந்ததும் தையல் மெஷினைத் தூக்கப் போனார் டெய்லர். தண்ணீரில் பாய்ந்திருந்த கரண்ட் அவரை விடவில்லை. சர்வேயர் குடியிருப்பது அந்தக் கடைக்கு நேர் மேலே, மாடியில். அலறலைக் கேட்டு இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புகாருக்கு அரசு அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. 'சாக்கடை அடைப்பே காரணம். கடல் மட்டம் குறிப்பிடும்படி உயரவில்லை.'

அதே வரியை நம்பித்தான் இந்தச் சுவரும் எழும்பிக்கொண்டிருந்தது.

"கடல் ஏறலைன்னு நானா சொன்னேன்?" தம்பி கையை விரித்தான். "துறைமுகத்துல கடல் மட்டம் காட்டுற அளவுக் கம்பம் சொல்லுது. பதிவேட்டுல முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாரு. அம்பது வருஷத்துல நாலு விரல்கூட ஏறலை. எங்கேயோ துருவத்துல ஐஸ் உருகுதுன்னு இங்க சுவரை உசத்துவாங்களா?"

"உருகின தண்ணி உங்கிட்ட டோக்கன் வாங்கிட்டா வரும்? உலகத்துக் கடலெல்லாம் ஏறுது. நம்ம துறைமுகத்துல மட்டும் கையைக் கட்டிட்டு நிக்குதாக்கும்!" நோட்டைப் பிரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "காலையில நாங்க ரெண்டு பேரும் அளந்தோம். பாறையில அடிச்ச பித்தளைக் குமிழ்தான் இந்த ஊருக்கே மூல அளவு. அது அசையாது. அதுல இருந்து பார்த்தா உன் கம்பம் நிக்க வேண்டிய இடத்தைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் உசரத்துல நிக்குது. கம்பமே மேல போயிட்டா தண்ணி கீழ இருக்கிற மாதிரிதானே தெரியும்?"

"ஒரு சாண்," என்றாள் டெய்லரின் மனைவி, விரல்களை விரித்துப் பார்த்தபடி. "எங்க கடையில ப்ளக் பாயிண்ட் தரையில இருந்து ஒரு சாண்லதான் இருந்துச்சு."

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"கம்பம் எப்படிக்கா உசரும்? அது என்ன செடியா?" தம்பியின் குரல் இறங்கியிருந்தது.

"பன்னிரண்டு வருஷம் முன்னாடி ஒரு படகு மோதிப் பழைய கம்பம் உடைஞ்சுது. புதுசை நட்ட ஆளு பாறைக்குப் போய், குமிழ்ல இருந்து அளந்து நட்டிருக்கணும். மழை. பாறை வழுக்குச்சு. அந்தச் சோம்பேறி என்ன பண்ணுச்சு தெரியுமா? பதிவேட்டு முதல் பக்கத்துல கடலோட சராசரி மட்டம்னு ஒரு எண் இருந்துச்சு. அன்னிக்குத் தண்ணி நின்ன இடத்துல அந்த எண் வர்ற மாதிரி கம்பத்தை நட்டுட்டு வீட்டுக்குப் போய் தலை துவட்டிக்கிச்சு! கடலை அளக்கிற கோலைக் கடலை வெச்சே நட்டிருக்கு. முப்பத்தெட்டு வருஷமா ஏறின தண்ணியை ஒரே மத்தியானத்துல துடைச்சு எறிஞ்சிடுச்சு!"

"யாரு அவன்?" டெய்லரின் மனைவி அளவுகோலைத் தரையில் குத்தினாள். "பேரைச் சொல்லுங்க மாடியக்கா. அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறேன். வெளிய வந்து என் மூஞ்சியைப் பார்க்கட்டும்."

"அதான் விஷயம்," தம்பி பிடித்துக்கொண்டான். "உன் நோட்டை மேலிடத்துல காட்டினா, 'அக்கா சொன்னா தம்பி நிறுத்திடுவானா'ன்னு என் சீட்டைக் கிழிப்பாங்க. கம்பத்தை நட்ட ஆளு 'தப்பா நட்டேன்'னு தன் கையால எழுதிக் குடுக்கட்டும். இந்த நிமிஷமே நிறுத்துறேன். பதிவேட்டுல இருக்கிற கையெழுத்து வெறும் கிறுக்கல். தேடிப் பிடிச்சாலும் எவன் எழுதுவான்? வேலை போகும். பென்ஷன் போகும். ஒரு சாவுக்குப் பதில் சொல்லணும். கூட்டிட்டு வர முடியுமா? முடியாதுல்ல? சாவியைக் குடு."

"பத்து நிமிஷத்துல இறுகிடும்மா," டிரைவர் கெஞ்சினார்.

சர்வேயர் டெய்லரின் மனைவியைப் பார்த்தாள். காலையில் வழுக்குப் பாறையில் தான் தடுமாறியபோதெல்லாம் அவளுடைய கைதான் பிடித்து நிறுத்தியது.

சாவியை டிரைவரிடம் கொடுத்தாள். "டிரம்மைச் சுத்துங்க. ஒரு சொட்டு கீழ விழக் கூடாது."

தம்பியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். லாரியின் சூடான பம்பர்மேல் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியை யோசிக்காமல் எழுதினாள். தோளுக்கு மேலாக எட்டிப் படித்த தம்பியின் முகம் வெளுத்தது.

"அக்கா... வேண்டாம்."

அவள் கீழே கையெழுத்தைக் கிறுக்கி, தாளைக் கிழித்து அவன் கையில் திணித்தாள்.

"அந்த ஆளோட பேரா எழுதினீங்க?" என்றாள் டெய்லரின் மனைவி.

"ஆமா."

"வீடு எங்க இருக்கு?"

"தூரம் போக வேணாம். உன் கடைப் பக்கத்துல இருக்கிற மாடிப்படி ஏறினா போதும். அந்தக் கம்பத்தை நட்டது நான்தான்."