கெடிலம் யுனைடெட்டின் நசீபு

கடலூர் முதுநகரில் பையும் பெல்ட்டும் குடையும் விற்கும் ரஃபியுதீனுக்குக் கெடிலம் யுனைடெட் என்றால் உயிர். மீனவர் குப்பத்துப் பெண்களும் டவுன் பெண்களுமாகச் சேர்ந்து ஆடும் கால்பந்து அணி அது. அவர் வீட்டுப் பிள்ளை யாரும் அதில் இல்லை. கடைக்குச் சரக்கு வராத கடுப்பில் ஒருநாள் மைதானத்துப் பக்கம் போய் நின்றவர், அப்படியே மாட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் மேட்ச் என்றால் கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவார். மீதியை அவர் மனைவி அமீனா பீவி வந்து இழுத்து மூடுவாள்.

இந்த சீசனில் முதல் மூன்று மேட்சிலும் ஜெயம். நியாயமாகப் பார்த்தால் மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்க வேண்டும். திரிய விட்டால்தானே அப்துல்லா. அமீனாவின் தம்பி அவன். சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனுக்குத் தில்லை ஸ்டார்ஸ் பெண்கள் அணிமேல் பைத்தியம். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் போன் வந்துவிடும்.

"மூணும் நசீபுல வந்தது மச்சான், வெறும் லக்கு. ஆடி வந்தது ஒன்னுகூட இல்ல."

அவன் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் ரஃபியுதீன் சிரித்துவிட்டுப் போயிருப்பார். பொய்யில்லை என்பதுதான் தொல்லை. முதல் மேட்சில் பண்ருட்டிப் பெண் ஒருத்தி தன் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டிய பந்து, மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் பொத்தென்று நின்றுவிட்டது. கெடிலத்தின் பூஜா ஓடிப்போய் உள்ளே தட்டிவிட்டாள். இரண்டாவதில் விருத்தாசலம் அடித்த அடியெல்லாம் கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. கடைசியில் நம்மவள் ஒருத்தி குருட்டாம்போக்கில் அடித்தது, ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்த அதே பூஜாவின் முதுகில் பட்டுக் கோலாகிவிட்டது. மூன்றாவது மேட்ச் சிதம்பரத்தில். திட்டக்குடிப் பெண்கள் வந்த வேன் சேத்தியாத்தோப்பில் படுத்துக்கொள்ள, பஸ் பிடித்து நின்றுகொண்டே வந்து, களைத்துப்போய் ஆடித் தோற்றார்கள்.

வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் ரஃபியுதீன் இதையெல்லாம் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். நசீபுதான், சரி. ஆனால் பள்ளத்தில் பந்து நின்றது மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் பொதுவாகத்தானே நின்றது? அது நிற்பதற்கு முன்பே ஓடத் தொடங்கியவள் பூஜா ஒருத்திதான். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தின்மேல் கோல்கீப்பர் கனிமொழி ஒவ்வொரு தடவையும் உடம்பைப் போட்டு விழுந்தாளே, அது எந்த நசீபில் சேர்த்தி? திட்டக்குடி வர நேரமானபோது, ஆடாமலேயே வெற்றியைக் கேட்டு வாங்கியிருக்கலாம். வெயிலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள், ஆடித்தான் ஜெயித்தார்கள். இதை அப்துல்லாவிடம் சொன்னால் மட்டும் எடுபடாது.

பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவன், பிரியாணித் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாரும் கேட்கச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வந்து எங்ககூட ஆடப் போறாங்கல்ல. லக்கு இல்லாம ஒரே ஒரு மேட்ச் ஆடிக் காட்டச் சொல்லுங்க மச்சான். அப்பறம் இந்த வாயத் தொறக்கவே மாட்டேன்."

"பாக்கலாம்டா," என்றார் ரஃபியுதீன். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெயிக்க வேண்டும், அதுவும் யாரும் வாய் திறக்க முடியாதபடி ஜெயிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் மச்சான்கள் இருவரும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் ஒன்றாகத்தான் நின்றார்கள். முதல் பாதியிலேயே தில்லை ஸ்டார்ஸ் ஒரு கோல் போட்டது. தப்புச் சொல்ல முடியாத கோல். அப்துல்லா அவர் தோளில் கை போட்டான், அவர் எடுத்துவிட்டார்.

இரண்டாம் பாதியில் கெடிலம் எழுந்து ஆடியது. அப்படி ஒரு ஆட்டத்தை இந்த சீசனில் அவர் பார்க்கவில்லை. பந்து எதிர்ப்பக்கத்தை விட்டு வெளியே வரவே இல்லை. ஆனாலும் கோல் விழவில்லை. முடியப்போகிற நேரத்தில் ஒரு கார்னர் கிடைத்தது. உயர்ந்து வந்த பந்து கூட்டத்துக்குள் இறங்கி, பூஜாவின் காலடியில் விழுந்தது. திரும்பி அடித்தாள். கோல். நடுவர் விசிலை ஊதி மைதானத்தின் நடுவைக் காட்டிவிட்டார்.

ரஃபியுதீன் குதித்தார். தொண்டை கிழியக் கத்தினார். அதற்குள் தில்லைப் பெண்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு தங்கள் கையைத் தட்டித் தட்டிக் காட்டினார்கள். அப்துல்லா அவர் பக்கம் திரும்பினான்.

"கையில பட்டுச்சா மச்சான்?"

பட்டது. பூஜாவின் முழங்கைக்குக் கீழே பட்டுத்தான் பந்து காலடிக்கு வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவாகப் பார்த்தார்.

"சரியாத் தெரியல," என்றார்.

உள்ளே நடுவருக்கும் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. கூட்டம் மறைத்திருக்கும். லைன்ஸ்மேனும் உதட்டைப் பிதுக்கினார். நடுவர் பூஜாவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மைதானம் கப்சிப் என்று ஆகிவிட்டது.

"இங்க பட்டுச்சு சார்," என்று அவள் கையைத் திருப்பிக் காட்டினாள்.

அவ்வளவுதான். பசித்திருக்கிறாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்தாள். கோல் இல்லை. கூட இருந்த ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. எதிர்முனையிலிருந்து கனிமொழி கையைத் தட்டி, "வா வா, டைம் இருக்கு," என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு ரஃபியுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமா பெருமையா என்று கேட்டால் இரண்டும்தான். நசீபை நம்பி வாயை மூடிக்கொண்டு நின்றது அவர். அந்தப் பெண்கள் இல்லை.

மீதி நேரமும் விடாமல் ஓடினார்கள். கோல் விழவில்லை. தோற்றார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்துல்லா பைக்கில் கொண்டுவந்து விட்டான். ஜெயித்தவன் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வடக்கு வீதி தாண்டியதும் ஏதாவது சொல்லுவான் என்று பின்னால் உட்கார்ந்திருந்தவர் எதிர்பார்த்தார். கடலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ரஃபியுதீன் ஏறவில்லை.

"நான் பாத்தேன்டா. கையில பட்டத."

"தெரியும் மச்சான். ஒங்க பக்கத்துலதான நானும் நின்னேன்."

ரஃபியுதீன் பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"அடுத்த மேட்ச் எப்ப?" என்றான் அப்துல்லா.

"வர்ற ஞாயிறு. கடலூர்ல. ஒங்க டீமு கெடையாதே."

"தெரியும். அந்தப் பொண்ணு ஆடுமில்ல?"

"ஆடும்."

"அப்ப கடைய மூடிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு அவன் பைக்கைத் திருப்பினான்.