சோபாவுக்கு மேலே நாலு பேர்

அருவி வேண்டுமாம் மேனேஜருக்கு. சுவர் முழுக்க, மேலிருந்து கீழ் வரை, கொட்டோ கொட்டென்று கொட்டுகிற அருவி. அதுவும் எங்கே? டயாலிசிஸ் வார்டு வாசலில். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான், அதற்கு மேல் குடித்தால் மூச்சு முட்டும் என்று டாக்டர் கண்டித்து வைத்திருக்கிற ஜனங்கள், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். இவ்வளவுக்கும் அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவர் என்றால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்துவிடலாம். "மனசுக்குக் குளிர்ச்சியா இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவரை என்ன செய்வது?

அவர் கேட்டது பெயின்டரம்மாவிடம். கடை போர்டு எழுதுகிறவள். கடைத்தெருவில் பாதிப் பெயர்ப்பலகை அவள் எழுத்துதான். பஸ்ஸுக்குள் சீட்டுக்கு மேலே 'பெண்கள்', 'முதியோர்' என்று எழுதியிருக்கிறதே, அதிலும் பல அவள் கைவேலை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்துக்கு மூன்று தடவை இந்த வார்டுக்கு வந்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறாள். அவள் இடதுகைக்காரி என்பதால், ஊசி குத்த வசதியாக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்தது வலது கையில். அந்த இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே கிர்ரென்று அதிரும். கடைக்காரர்கள் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் "ஐயோ பாவம்" என்பார்கள். மறுநாள் வேலை வேறு ஆளிடம் போய்விடும். அதனால் வெயில் மண்டையைப் பிளந்தாலும் அம்மாவுக்கு முழுக்கைச் சட்டைதான்.

மேனேஜர் காட்டிய சுவர் இருந்தது படுக்கை அறையில். படுக்கை அறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வார்டு வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை, நாலு கட்டில், அவ்வளவுதான். மெஷினை விட்டு எழுந்தவுடன் பிரஷர் இறங்கியிருக்கும். தரை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். அங்கே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்து, தலைசுற்றல் அடங்கிய பிறகுதான் படியிறங்க முடியும். அந்த நாலு கட்டிலையும் எடுத்துவிட்டு, வருகிறவர்கள் உட்கார சோபா போடப்போகிறார்களாம்.

"உள்ள நுழைஞ்சதும் நோயாளிங்க படுத்துக் கிடக்கறதைப் பார்த்தா, புதுசா வர்றவங்க பயந்துடறாங்கம்மா" என்றார் மேனேஜர்.

"அப்ப நாங்க எங்க சார் படுக்கறது?"

"அதைப் பார்த்துக்கலாம். நீங்க முதல்ல படத்தை ஆரம்பிங்க. நம்ம பேஷன்ட்டே வரைஞ்சதுன்னா எவ்வளவு பெருமை!"

இந்தப் 'பார்த்துக்கலாம்' இருக்கிறதே, அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. பெயின்டரம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். படம் நன்றாக அமைந்துவிட்டால் மனுஷன் மனம் இளகி, இரண்டு கட்டிலையாவது விட்டுவைப்பார் என்று நினைத்தாள்.

"நல்லா காதுல பூ சுத்தியிருக்காரு" என்றாள் தங்கச்சி. அக்காவுக்கு அளந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது அவள்தான். "நீயும் தலையை ஆட்டிட்டு வந்திருக்கே."

பக்கத்து மெஷின்காரர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். வார்டில் எல்லோரும் கண்டக்டர் என்றே கூப்பிடுவார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அருவியா? பேஷ்! அப்படியே பக்கத்துல ஒரு இளநீர்க் கடையும் போட்டுடும்மா. பார்த்துக்கிட்டே செத்துப்போறோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வாக்குக் கொடுத்தாயிற்று, ஆரம்பித்தாள். கட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெள்ளையையும் நீலத்தையும் குழைத்துக் குழைத்து இழுத்தாள். கைகாரி என்றால் கைகாரிதான். மூன்றாம் நாள் பாறையில் தண்ணீர் விழுந்து தெறிக்கிற இடத்தை முடித்தபோது சத்தமே கேட்கிற மாதிரி இருந்தது. அங்கேதான் வினை. தொண்டை வறண்டுபோய், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, சுவர் கழுவ வைத்திருந்த குழாயில் வாயை வைத்து மடக்மடக்கென்று குடித்துவிட்டாள். தானே வரைந்த அருவியைப் பார்த்துத் தானே தாகப்பட்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாள் எடை மெஷினில் ஏறியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. நர்ஸம்மா முள்ளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "என்னம்மா இது, ஆத்துல விழுந்து எழுந்து வந்தீங்களா?" ஏறிய தண்ணீரை எல்லாம் அன்றைக்கே இறக்க வேண்டியிருந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டு உயிர் போனது. முடிந்து எழுந்தபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படுக்கை அறைக்கு வந்தால், கட்டில் ஒன்றையும் காணோம். காலையிலேயே குடோனுக்குப் போய்விட்டதாம். வெறும் தரையும் அவளுடைய அருவியும்தான் இருந்தன.

அருவிக்குக் கீழே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே கண்டக்டர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். வயசானவர், குனிந்து தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காது.

"சரி, நான் மெதுவா வீட்டுக்குப் போறேன்" என்று வாசல் படியில் கால் வைத்தார்.

"இருங்கண்ணே, போகாதீங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். மூன்றே படிதான். நெற்றி பிளந்துவிட்டது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு வந்த அழுகையும் ஆத்திரமும் கொஞ்சநஞ்சமல்ல. மேனேஜர் மேல் கால்வாசி என்றால் முக்கால்வாசி தன் மேலேயே. கட்டிலைத் தள்ளி வைத்து இடம் பண்ணிக்கொடுத்தது அவள்தானே!

மேனேஜர் ஓடி வந்தார், நிஜமாகவே பதறினார், தானே கட்டுப் போட அழைத்துப்போனார். திரும்பி வந்து, "கைப்பிடியைப் பிடிச்சு இறங்கியிருக்கலாமில்ல, பாவம்" என்றார்.

பெயின்டரம்மா அவரிடம் சண்டை போடவில்லை. இத்தனை வருஷத்தில் போர்டு எழுதி அவள் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சீட்டுக்கு மேலே 'முதியோர்' என்று எழுதி வைத்துவிட்டால், உட்கார்ந்திருக்கிற வாலிபன் எழுந்திருக்காவிட்டாலும் தூங்குகிற மாதிரி பாசாங்காவது செய்வான். எழுத்தைப் பார்த்தால் மனுஷனுக்கு வெட்கம் என்று ஒன்று வந்துவிடுகிறது.

"சார், போடப்போற சோபா எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"படம் சோபாவுக்குப் பின்னாடி மறைஞ்சிடக் கூடாதில்ல."

மனுஷனுக்கு வாயெல்லாம் பல். தானே டேப்பைப் பிடித்து அளந்து கொடுத்தார்.

தலைசுற்றல் தெளிந்து மறுநாள் வந்து, இரண்டு கோட் வெள்ளை அடித்து அருவியை மூடினாள். சுவருக்குக் குறுக்கே பழைய பேனர் துணியைக் கட்டினாள். போர்டு எழுதுகிறவர்கள் திறப்பு நாள் வரைக்கும் திரை போடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வலது கையில் ஊசியோடு மெஷினில் கிடக்கிற நேரத்தில், சும்மா கிடக்கிற இடது கையால் வார்டில் இருப்பவர்களை வரைந்து பார்த்துக்கொண்டாள். நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டாள். கணக்கு டீச்சர், "தலை வாரிக்கிட்டு வர்றேன், அப்புறம் போடு" என்றாள். தையல்காரர் சரி என்று தலையசைத்தார். காலேஜில் படிக்கிற பெண் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "போடுங்கக்கா, ஆனா தூங்கற மாதிரி போடாதீங்க, கண்ணைத் திறந்தே போடுங்க" என்றாள். கண்டக்டர் நெற்றிக் கட்டோடு, "என் மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா போடும்மா, புண்ணியமா போகும்" என்றார். பிறகு கேட்டார், "ஆமா, இதுல நீ எங்கே?"

"நான் எழுதறவ, அண்ணே."

"ஓகோ" என்றார் கண்டக்டர். அந்த ஓகோ அவளுக்குப் பிடிக்கவில்லை.

திறப்பு நாளில் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா வந்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் நீட்டிப் படுக்கிற நீளத்தில், புது சோபாக்கள் இரண்டும் சுவரை ஒட்டிப் பளபளவென்று கிடந்தன. மேனேஜர் கயிற்றை எடுத்து டாக்டரம்மா கையில் கொடுத்தார். திரை விழுந்தது.

ஆளுயரத்துக்கு நாலு பேர். படத்தில் கட்டிலே கிடையாது. சோபாவின் உயரத்துக்குச் சரியாக அளந்து வரைந்திருந்ததால், நாலு பேரும் அந்தப் புது சோபாவின் மேலேயே படுத்திருப்பது போல இருந்தது. கையில் பிளாஸ்திரி, வெளிறின உதடு, கண்டக்டர் நெற்றியில் கட்டு. அவர்களுக்கு மேலே, பஸ்ஸில் எழுதுகிற அதே கறுப்புக் கட்டை எழுத்தில்: 'டயாலிசிஸ் முடிந்தவர்கள் படுக்கும் இடம்.'

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "அ... அருவிதாம்மா வரையச் சொன்னேன்..." என்று இழுத்தார்.

டாக்டரம்மா உட்காரப் போனவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் டீச்சர் மடிமேல் உட்கார வேண்டும். "இவங்கல்லாம் இப்ப எங்கே படுக்கறாங்க?" என்று கேட்டாள்.

பதில் தன்னாலேயே வந்தது. காலை ஷிப்ட் முடிந்து வார்டுக் கதவு திறந்தது. கண்டக்டர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், சுவரில் தன்னைப் பார்த்தார். "கொஞ்சம் வழி விடுங்க, ரிசர்வ் சீட்டு" என்று சொல்லிவிட்டு, தன் படத்துக்குக் கீழே சோபாவில் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலேயே டீச்சர் வந்து தன் இடத்தில் படுத்தாள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கையில் டீயோடு நின்றுகொண்டே இருந்தார்கள். படுத்தவர்களை எழுப்பச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

மேனேஜர் சும்மா இருந்துவிடவில்லை. சுவரை வெள்ளையடிக்க இரண்டு பெயின்டர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். எழுதினவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய போர்டை அழிப்பது அந்தத் தொழிலில் கிடையாது. இருவரும் வந்து பார்த்தார்கள், "அந்தம்மா சொன்னா அழிக்கறோம் சார்" என்று போய்விட்டார்கள். அந்தம்மா சொல்வாளா? மேனேஜரும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. குடோனிலிருந்து தலையணை நாலு மட்டும் ஒருநாள் தானாக வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் அவளுக்கே பிரஷர் படுபாதாளத்துக்கு இறங்கியது. தட்டுத்தடுமாறி வெளியே வந்தால் சோபா நிறைய ஆள். நாலு பேரும் அவரவர் இடத்தில். பெயின்டரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று காட்டிக்கொள்ளச் சிரிக்கக்கூடப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

கண்டக்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். சோபாவின் கையைப் பிடித்து மெள்ள எழுந்தார். அவருக்கும் தலை சுற்றுகிறது என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

"வாம்மா. உட்காரு. படு."

"வேண்டாம்ணே, நீங்க படுங்க."

"ஆயுசு பூரா அடுத்தவனை எழுப்பி எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தவன்மா நான். ஒரு ஸ்டாப்புதான், நான் நின்னுக்கறேன்."

அவள் படுத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீருக்கு மட்டும் டாக்டர் அளவு சொல்லவில்லை. பிறகு காலை மடக்கி இடம் விட்டாள், கண்டக்டர் ஓரமாக உட்கார்ந்தார். காலேஜ் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, முழுக்கையைக் கொஞ்சம் மேல ஏத்திவிடுங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு" என்று தானே சுருட்டிவிட்டாள்.

அடுத்த தடவை பெயின்டரம்மா பிரஷ்ஷோடு வந்தாள். நாலு பேருக்கு நடுவில் இடம் பண்ணி ஐந்தாவதாக ஒருத்தியைப் படுக்கவைத்தாள். அரைக்கைச் சட்டை. வலது கையில் கயிறு மாதிரி புடைத்த இடம், வாசலில் வரும்போதே தெரியும். கடைத்தெருவிலிருந்து யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன் மூக்கை மட்டும் சின்னதா போட்டுக்கிட்டே பாரு" என்றார்.