பட்டைத்தலை வாத்தின் கால் நிறம்

என் கணவர் தேவநாதன் 1958 ஐப்பசியில் விஷக் காய்ச்சலில் இறந்தார். வானூரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். படுக்கையில் கிடந்த ஒன்பது நாளில் இரண்டு முறை, பம்பாயிலிருந்து தபால் வந்ததா என்று கேட்டார். அது கார்த்திகையில் வந்தது.

அந்த ஆண்டு தை மாதம் கழுவெளி ஏரிக்கரையில் நின்று பதினோரு பட்டைத்தலை வாத்துகளைப் பார்த்திருந்தார். இமயத்துக்கு அப்பாலிருந்து குளிருக்கு வருகிறவை. எழுதித் திருத்தி, ஆவணியில்தான் பம்பாயில் ஒரு பறவைப் பத்திரிகைக்கு அனுப்பினார். யாரோ மேய்த்த வாத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறார் என்று தலைமையாசிரியரே சிரித்தார்.

வந்த கார்டில் நாலு வரி ஆங்கிலம். எட்டாவது படித்தவள் நான், எழுத்துக் கூட்டிப் படித்தேன். பின்னந்தலையில் எத்தனை பட்டை, கால் என்ன நிறம்? அருகில் பார்த்துச் சொல்லாவிட்டால் பதிவில் சேர்க்க இயலாது. அவரோ கால் மைல் தொலைவில், பழைய மூக்குக்கண்ணாடியோடு பார்த்தவர். குறிப்பேட்டில் இரண்டுக்குமே பதில் இல்லை.

நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கொழுந்தனார் சுப்பராயலு தடுத்தார்.

"வருசம் திரும்பட்டும் அண்ணி. வாத்து எங்க போயிடப் போவுது?"

"மாசியில போயிடும்," என்றேன்.

கழுவெளியில் வாத்து பிடித்துத் திண்டிவனம் சந்தையில் விற்கிற முனியம்மாளைக் கூட்டு சேர்த்துக்கொண்டேன். மார்கழி கடைசி ஞாயிறு, விடிந்ததும் நடந்தோம். மல்லாட்டைக் கொல்லைகளில் கடலைச் செடிகள்மேல் பனி இறங்கியிருந்தது. கரிச்சான் நாலு, தந்திக் கம்பியில் பனங்காடை ஒன்று என்று வழியில் பார்த்த பறவைகளை அவர் குறிப்பேட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன்.

"இப்டி நின்னு நின்னு எழுதிக்கினு வந்தீங்கன்னா, அதுங்க முட்ட வெச்சி குஞ்சே பொரிச்சிடும்," என்றாள் முனியம்மாள்.

பத்து நாள் முன்பே அவள் வெறும் பானைகளை ஏரியில் மிதக்க விட்டிருந்தாள். பறவைகள் அவற்றுக்குப் பழகிவிடும். பிறகு கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்துவரை நீரில் இருக்கும்படி முட்டிபோட்டு நகர்ந்தால், அதுவும் மிதக்கிற பானைதான். பக்கத்தில் வரும் வாத்தின் காலை நீருக்கடியில் பிடித்து இழுத்துவிடுவாள்.

எனக்கும் ஒன்றைக் கவிழ்த்தாள். உள்ளே மீன் வாடை. தண்ணீர் உடம்பை வெட்டியது. சேற்றில் முட்டி தேய நகர்ந்தோம். சின்னக் கிளுவை வாத்துகள் விலகக்கூட இல்லை.

அப்புறம் அவற்றைக் கண்டேன். ஏழு. ஒன்று மூன்று முழத் தூரத்தில். வெள்ளைத் தலையில் கறுப்புப் பட்டை இரண்டு. ஒன்று இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்ணுக்கு, மற்றது அதற்குக் கீழே. ஆனால் கால் தண்ணீருக்குள் இருந்தது.

பக்கத்துப் பானை மெதுவாகப் பேசியது.

"காலுதான பாக்கணும்? இழுக்கட்டா?"

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. இழுத்தால் தெரிந்துவிடும், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அவள் கைக்குப் போன வாத்து திரும்பாது. அவர் ஒரு பறவையையும் தொட்டதில்லை. நீருக்குள் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வாணாம். அதுவா மேட்டுல ஏறும்."

"ஏறலன்னா?"

"ஏறுற வரைக்கும் நான் இங்கதான். நீ போ."

அவள் போகவில்லை. பல் நடுங்க, "ஒங்க வூட்டுக்காரரு கரையிலயே நின்னு பாத்தாரு. அவருதான் புத்திசாலி," என்று முனகினாள்.

வெயில் ஏறியது. என் கால்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. கடைசியில் அந்த வாத்து சேற்றுத் திட்டில் ஏறி, உடம்பை உதறி நின்றது. மஞ்சள் கால். பச்சை மஞ்சள்கிழங்கை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம்.

அன்றே கார்டு எழுதினேன். பட்டை இரண்டு, கால் மஞ்சள், தூரம் மூன்று முழம். முதலில் பார்த்தவர் தேவநாதன், மறுபடி பார்த்தது அவர் மனைவி. பதினொன்றல்ல, ஏழுதான் கண்டேன் என்பதையும் எழுதினேன். எப்படிப் பார்த்தேன் என்பதற்கு மட்டும் ஆங்கிலம் வரவில்லை. பானையைப் படமாக வரைந்தேன்.

பங்குனியில் பத்திரிகை வந்தது. இரண்டே வரி, அவர் பெயரோடு. அதைத் தலைமையாசிரியர் மேசையில் விரித்து வைத்துவிட்டு வந்தேன். கூடவே எனக்கு ஒரு கார்டும் வந்திருந்தது. அடுத்த குளிர்காலத்திலும் எண்ணி எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

வருசம் திரும்பிய பிறகு, கார்த்திகைச் சந்தையில், சமைக்கவா தண்ணீருக்கா என்று பானைக் கடைக்காரர் கேட்டார். நான் ஒவ்வொன்றாகத் தலையில் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.