மொரிதா வீட்டு விருந்தும் லீமா சொன்ன பொய்யும்

லீமாவுக்கு இரண்டு நாளாக இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். செல்போனை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை.

அவள் கணவர் ஏசுஅடிமை தங்குகடலுக்குப் போயிருந்தார். நாள்கணக்கில் ஆழ்கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிற தொழில். காற்று எச்சரிக்கை வந்ததும் அவர்கள் ஊரான சின்னவிளையிலிருந்து போன போட்டுகளெல்லாம் ஏதாவது ஒரு துறைமுகத்தில் ஏறிவிட்டன, இல்லையென்றால் வயர்லெஸ்ஸில் குரல் கொடுத்துவிட்டன. ஏசுஅடிமை போன போட்டு மட்டும் ஊமையாகிவிட்டது.

மகள் அஜிஷா இருப்பது ஜப்பானில். ஃபுகுவோகா என்ற ஊரில் முதியோரைப் பராமரிக்கும் படிப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கிப் பழகட்டும் என்று கல்லூரியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவளுக்கு வாய்த்தது மொரிதா என்பவர் வீடு. சனிக்கிழமை காலை புது உடுப்பும் கையில் நேந்திரங்காய் சிப்ஸுமாகப் புறப்பட்டு நின்றவள், வீடியோவில் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அம்மா, அப்பா கரைக்கு வந்தாச்சா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு லீமா என்ன சொல்லுவாள்? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"வந்தாச்சு மோளே. நல்லாயிருக்காரு. தூங்குதாரு."

பக்கத்தில் நின்ற ஷெர்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் ஏசுஅடிமையின் கூடப்பிறந்த தங்கை; லீமா அவளுக்கு மைனி.

"மைனி, எனக்க அண்ணன் எங்க தூங்குதான்?"

"ரெண்டு நாளு பிள்ள சந்தோசமா இருக்கட்டு ஷெர்லி. முன்னப்பின்ன தெரியாத வீட்டுல இருந்து அழுதா, அவள யாரு தேத்துவா?"

"பொறவு தெரிஞ்சா?"

"பொறவு பாப்பம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஜிஷா மறுபடியும் கூப்பிட்டாள். பேச்சு படபடவென்று பொரிந்தது.

"அம்மா, இங்க வென்னித் தொட்டியில விருந்தாளிக்குத்தான் மொதக் குளி. அதே தண்ணியிலதான் பொறவு வீட்டுக்காரங்க எல்லாரும் எறங்குவாவளாம்! வெளிய இருந்து நல்லாத் தேச்சுக் குளிச்சிட்டுத்தான் உள்ள எறங்கணும். நான் தேச்ச தேப்புல தோலே உரிஞ்சிருக்கும்."

லீமா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, தான் சிரிப்பது கணவருக்குச் செய்யும் துரோகம்போல அவளுக்குப் பட்டது. சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"இன்னைக்கு நான் அயில மீன் கொழம்பு வச்சுக் குடுக்கப் போறேன். சாப்பிடும்போது கூப்பிடுதேன். எல்லாருக்கும் உங்களப் பாக்கணுமாம். அப்பாவையும் உக்கார வை, என்னா?"

அங்கே ராச்சாப்பாட்டு நேரம் என்றால் இங்கே உச்சி சாய்ந்த வெயில் நேரம். அதற்குள் தெருப் பெண்கள் ஜெபமாலையோடு லீமா வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கரையில் அதற்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை; குரல் வராத போட்டுக்காரன் வீடு என்றால் வந்துவிடுவார்கள். யாரோ மாதா கோயில் மண்டபத்திலிருந்து நாற்காலி எடுக்கப் போனார்கள். லீமா ஓடிப்போய்த் தடுத்தாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிற நாற்காலி அது. பெண்கள் மணலிலேயே இருந்துகொண்டார்கள்.

செல்போன் அடிக்கத் தொடங்கியதும் லீமா கதவைச் சாத்தினாள்.

"பட்டப்பகல்ல கதவு சாத்துன வீட்ட நம்ம ஊருல எங்க பாத்திய மைனி?" என்றாள் ஷெர்லி. "அதப் பாத்தே அவ கண்டுபிடிச்சிருவா."

"காத்து அடிக்குன்னு சொல்லுவேன்."

செல்போனில் நான்கு முகங்கள் தெரிந்தன. அஜிஷா, மொரிதா, அவர் மனைவி சச்சிகோ, அவர்களுடைய சின்னமகள் யுய். வீட்டார் மூன்று பேரும் குனிந்து வணங்கினார்கள். லீமாவும் செல்போனைப் பிடித்தபடியே குனிந்ததில் அவர்கள் பார்த்தது மேலே சுற்றும் மின்விசிறியைத்தான். மொரிதாவுக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"எரிப்புல அழுதாரு அம்மா, ஆனா ரெண்டாந்தடவ சோறு வாங்கியாச்சு! அப்பா எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்காரு."

"மத்தியானத்துலயா? அப்பாவா?" அஜிஷா சிரித்தாள். "அதிசயந்தான்."

யுய் அவள் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ சொன்னாள்.

"நம்ம வாசல்ல நின்னா கடல் தெரியும்னு சொன்னேன், இவ நம்பமாட்டங்கா. கதவத் தொறந்து காட்டும்மா."

"காத்து அடிக்கு மோளே."

"அடிச்சா என்ன? எதுக்குச் சாத்தி வச்சிருக்க?"

அந்தக் குழந்தை இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சியது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, செல்போனை உயரப் பிடித்து, பெண்களின் தலைக்கு மேலே கடலை மட்டும் காட்டிவிடலாம் என்று லீமா நினைத்தாள். கொண்டியை எடுத்ததும் காற்று கதவை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தது. மணலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

யுய் கடலைப் பார்த்துக் கைதட்டினாள். அஜிஷாவின் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"யாரு வரல்ல?"

கடற்கரையில் பிறந்த பிள்ளை. வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்நேரம் பார்த்து, தெரியாத எண்ணிலிருந்து இன்னொரு அழைப்பு வந்தது.

"அம்மா, வேற கால் வருதா? என்னக் கட் பண்ணு! அத எடு!"

எடுத்தாள். பேசியது குளச்சல்காரன் ஒருவன், கர்நாடகத்து மால்பே துறைமுகத்திலிருந்து. ஏசுஅடிமை போன போட்டின் இஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டதாம், தண்ணீர் புகுந்து வயர்லெஸ்ஸும் போய்விட்டதாம். இவர்கள் போட்டுதான் கயிறு கட்டி இழுத்து வந்ததாம். "எல்லாரும் நல்லாயிருக்காவ அக்கா. உங்க வீட்டுக்காரருக்குக் கையில ஒரு கிழிசல். ஆஸ்பத்திரியில தையல் போடுதாவ. வந்ததும் பேசுவாரு."

முற்றத்தில் அழுகையும் ஸ்தோத்திரமும் ஒன்றாகக் கிளம்பின. லீமா ஜப்பானுக்குப் போட்டாள்.

"மோளே, அப்பா கரைக்கு வந்தாச்சு. நல்லாயிருக்காரு."

சொன்ன பிறகுதான் அவள் காதுக்கே கேட்டது. சனிக்கிழமை சொன்ன அதே வார்த்தை. அதே குரல்.

அஜிஷா வெறித்துப் பார்த்தாள். "நேத்தும் இதத்தான சொன்ன?"

"இப்ப நெசமாட்டு மக்கா. மாதா சத்தியம்."

"அப்பாட்ட குடு."

"அவரு மால்பேல இருக்காரு. இனிதான் பேசுவாரு..."

"பின்ன எப்பிடி நம்ப?"

அங்கே யாரும் சாப்பிடவில்லை. மொரிதா தட்டைத் தள்ளி வைத்திருந்தார். சச்சிகோ அஜிஷாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை இருந்த இடத்தில் தன் கை இருக்கக் கூடாதா என்று லீமா தவித்தாள்.

"அத்தைக்கிட்ட குடு போன," என்றாள் அஜிஷா.

லீமா நீட்டினாள். ஷெர்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"ஏட்டி, கேளு. எனக்க அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. கையில தையல், அம்புட்டுத்தான். உங்கம்ம நேத்து சொன்னது பொய். இப்பச் சொன்னது நெசம்."

செல்போனுக்குள்ளிருந்து ஒரு பெரிய அழுகை வந்தது. பிறகு அந்த வீட்டார் மூன்று பேரும் மாறிமாறி ஏதோ கேட்பதும், அஜிஷா விக்கி விக்கி அவர்களுக்குச் சொல்வதும் கேட்டன. செல்போனின் திரை ஷெர்லியின் பக்கம் இருந்ததால் லீமாவுக்கு எதுவும் தெரியவில்லை.

"அப்பா பேசினதும் என்னக் கூப்பிடணும் அத்தே."

"உங்கம்மட்ட சொல்லுதேன்."

"அம்மா வேண்டாம். நீங்களே கூப்பிடுங்க."

ஷெர்லி மைனியின் முகத்தைப் பார்க்கவில்லை. லீமா முற்றத்தில் இறங்கி, பெண்களுக்கு நடுவே மணலில் உட்கார்ந்தாள்.